கிழமைக் கணக்கை வைச்சுப் புதுத் திரிபு எவ்வளவு வேகமாப் பரவுது எண்டு சொல்லலாமோ?

குளக்கட்டு:
முல்லைத்தீவுப் பக்கம் ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவில கொரோனாவின்ர புதுத் திரிபு ஒண்டு பரவுது எண்டு வைப்பம். நாலு கிழமைத் தொற்றாளர் எண்ணிக்கை 12, 19, 31, 48. கடைசி ரெண்டையும் வகுத்தா 1.55 வருது. இதையே ஆர் (ஒரு தொற்றாளர் சராசரியா எத்தனை பேருக்குத் தொத்த வைக்கிறார் எண்ட எண்) எண்டு அறிக்கையில எழுதலாமோ?

முறிகண்டி:
எழுதக் கூடாது தம்பி. 1.55 எண்டது ஒரு கிழமையில பெருகின மடங்கு. ஒருத்தரிட்ட இருந்து அடுத்தவருக்குத் தொத்த சரியா 7 நாள் எடுத்தாத்தான் அது ஆர் ஆகும்.

முதல்ல வளர்ச்சி வீதத்தை எடுங்கோ. எக்செல்லில ஒவ்வொரு எண்ணுக்கும் இயற்கை மடக்கை (எல்என்) போட்டு, நாளுக்கு எதிராச் சாய்வைப் பாருங்கோ. உங்கட எண்ணுக்கு நாளொண்டுக்கு 0.066 வரும். 0.693ஐ அதால வகுத்தா 10.5 நாள், அதுதான் இரட்டிப்புக் காலம். ஆருக்கு இந்த வீதத்தைத் தொற்றுத் தலைமுறை இடைவெளியால (ஒருத்தருக்குத் தொத்தினதில இருந்து அவர் அடுத்தவருக்குத் தொத்த வைக்கிற வரை எடுக்கிற நாள்) பெருக்கி, ஈ (e, ஏறக்குறைய 2.718) எண்ட எண்ணின்ர அடுக்கா எடுக்க வேணும். இடைவெளி 3 நாள் எண்டா 1.22, 5 நாள் எண்டா 1.39. ஒமிக்ரோனுக்கு இடைவெளி ஏறக்குறைய 3 நாள், முதல் வந்த வைரசுக்கு 5 நாளுக்கு மேல. அதால இடைவெளியை எழுதாமல் ஆரை மட்டும் எழுதினா வாசிக்கிறவருக்கு ஒண்டும் விளங்காது.

எண்ணிக்கை சின்னன் எண்டதையும் மறக்க வேண்டாம். முதல் 12ஐயும் கடைசி 48ஐயும் மட்டும் வைச்சு 95 வீத எல்லை (தற்செயலால எண் எவ்வளவு மாறலாம் எண்டு காட்டுற வீச்சு) போட்டா இரட்டிப்புக் காலம் 7 நாளாயும் இருக்கலாம், 19 நாளாயும் இருக்கலாம்.

நந்திக்கடல்:
அதுக்கு முதல், எத்தனை பேருக்குச் சோதிச்சவை எண்டு பாருங்கோ. முதல் கிழமை 150 பேருக்குச் சோதிச்சு 12, நாலாம் கிழமை 600 பேருக்குச் சோதிச்சு 48 எண்டா ரெண்டும் 8 வீதம். நோய் கூடினதுக்கு அதில சாட்சியே இல்லை. ஒரு ஆடைத் தொழிற்சாலையில ஒரே நாளில எல்லாருக்கும் பி.சி.ஆர். எடுத்தா இப்பிடித்தான் எண்ணிக்கை எகிறும்; அப்பிடி ஒரே இடத்தில கூட்டமா வந்த தொற்றாளரைத் தனி நிரலில போடுங்கோ.

திகதியும் முக்கியம். மாதிரி ஏ9 வழியா யாழ்ப்பாணம் போய் முடிவு திரும்பிற இடங்களில, மூண்டு நாள் முடிவு ஒரே பின்னேரம் வந்து விழும். முடிவு வந்த நாளை விட்டிட்டு அறிகுறி தொடங்கின நாளைப் பதியுங்கோ. அது இல்லாட்டி மாதிரி எடுத்த நாள். அப்பிடிப் பதியேக்குள்ள கடைசி ஒரு கிழமை எப்பவும் குறைவாத்தான் தெரியும், ஏனெண்டா அந்த ஆக்களின்ர முடிவு இன்னும் வரேல்லை. அதைப் பாத்திட்டு "இறங்குது" எண்டு அறிவிக்காதேங்கோ. அந்தக் கிழமையை வெட்டிப்போட்டுச் சாய்வு எடுங்கோ.

குளக்கட்டு:
நன்றி அண்ணை. அப்ப பழைய திரிபை விடப் புதுசு வேகமோ எண்டு எப்பிடிப் பிரிச்சுப் பாக்கிறது?

முறிகண்டி:
அதுக்கு எண்ணிக்கை வேண்டாம், பங்கு வேணும். மரபணு வரிசைப்படுத்தின (எந்தத் திரிபு எண்டு அறிய வைரசின்ர மரபணுவை வாசிச்ச) 40 மாதிரியில முதல் 4 புதுசு, 14 நாள் கழிச்சு 40இல 20 புதுசு எண்டு வைப்பம். புதுசைப் பழசால வகுங்கோ: 4/36, பிறகு 20/20. விகிதம் 9 மடங்கு கூடியிருக்கு. 9 இன்ர எல்என் 2.197, அதை 14ஆல வகுத்தா 0.157. புதுசின்ர வளர்ச்சி வீதம் பழசை விட நாளுக்கு அவ்வளவு கூட. சோதனை கூடினாலும் குறைஞ்சாலும் ரெண்டு திரிபையும் ஒரே மாதிரித்தான் தாக்கும் எண்டதால, இந்தக் கணக்கு நந்திக்கடல் சொன்ன பிழைக்குள்ள விழாது. ஆனா 4 எண்டது சின்ன எண். எல்லை 0.07இல இருந்து 0.24 வரை விரியும்.

நந்திக்கடல்:
மாதிரி தெரிஞ்செடுக்கிறதில கவனம். வெளிநாட்டால வந்தவையை மட்டும் வரிசைப்படுத்த அனுப்பினா புதுத் திரிபின்ர பங்கு கூடித்தான் தெரியும். கிராமம் கிராமமா எழுந்தமானமா எடுக்க வேணும். சில பி.சி.ஆர். கருவிகளில வைரசின்ர எஸ் மரபணு மட்டும் பிடிபடாமல் விடுபடுறதைக் குறிப்பா வைச்சு வரிசைப்படுத்தாமலே பங்கைக் கணிக்கலாம். டெல்டாத் திரிபில இருந்து ஒமிக்ரோனின்ர பி.ஏ.1 எண்ட கிளையைப் பிரிக்க அது உதவினது, அதின்ர மற்றக் கிளையான பி.ஏ.2இல பெரும்பாலும் அந்த விடுபடல் இல்லை. அதால எந்தத் திரிபு ஓடுது எண்டு தெரிஞ்ச பிறகுதான் அந்தக் குறிப்பை நம்பலாம்.