பழைய வேன் வழியில் நின்றுவிடுகிறது: பம்ப் மாற்றப் பணம் கொடுக்கலாமா?

கேட்பவர் (தண்டையார்பேட்டை; இப்போது பிராம்ப்டன்)
நம் வடசென்னைக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம். கனடாவுக்குக் குடிவந்து முழுதாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் எங்கள் வீட்டுப் பழைய வேன் பெரிய தலைவலியாகிவிட்டது. காலையில் ஒழுங்காகக் கிளம்புகிறது. சிறிது தூரம் ஓடியதும் இழுவை குறைந்து, திக்கித் திணறி நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டுவைத்தால் மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப் போய்விட்டது என்று மெக்கானிக் பெரிய தொகை கேட்கிறார். எனக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, கையிருப்பில்தான் காலம் தள்ளுகிறேன். இன்றிரவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கொடுத்துவிடலாமா?

பழைய வண்ணை – ஸ்கார்பரோ
தம்பி, இது இங்கே புதிதாக வருகிற எல்லோருக்கும் நேர்வதுதான். டேங்க்கில் வெற்றிடம் அதிகமாக இருந்தால் உள்ளே ஈரம் படிந்து, பெட்ரோலோடு போய்க் குழாயில் உறைந்துவிடும். நான் வந்த முதல் குளிர்காலத்தில், பணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று சிறிது சிறிதாகப் பெட்ரோல் போட்டு, பனி கொட்டும் விடியற்காலையில் வேலைக்குப் போகும் வழியில் நடுரோட்டில் நின்ற கொடுமையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. டேங்க்கை எப்போதும் பாதிக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள்; உறைவதைத் தடுக்கும் திரவம் கடைகளில் கிடைக்கும், அதையும் ஊற்றுங்கள். இன்னொன்று, ஒன்டாரியோவில் பழைய வண்டி வாங்கும்போது சேஃப்டி சான்றிதழையும், வண்டியின் பழைய விவரங்கள் அடங்கிய அரசு ஆவணத் தொகுப்பையும் விற்றவரிடம் கேட்டு வாங்கினீர்களா?

ராயபுரம் – ஈஸ்ட் ஹாம்
அண்ணன் சொல்வது பொருந்தவில்லை. உறைந்திருந்தால் காலையில்தான் வண்டி கிளம்பாமல் படுத்தும். ஓடிச் சூடான பிறகு சரியாகும். இங்கே நடப்பது நேர்மாறு. எரிபொருளை மாற்றி ஊற்றிவிட்டார்களா என்று முதலில் பாருங்கள். இங்கிலாந்தில் பச்சைக் கைப்பிடி பெட்ரோல், கறுப்பு டீசல் என்பது தெரியாமல், வந்த புதிதில் ஒரு டெலிவரி டீசல் வேனில் பெட்ரோலை நிரப்பி நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அப்படி நேர்ந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. டேங்க்கைக் காலி செய்த பிறகுதான் மறுவேலை.

கொருக்குப்பேட்டை – சார்ஜா
இரண்டும் இல்லை. சூடானதும் நின்று, ஆறியதும் கிளம்பினால், குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகிறது என்றுதான் பொருள். இந்த ஊர் வெயிலில் நான் அனுபவித்தது. பம்ப்பை மாற்றிவிடுங்கள், யோசிக்க வேண்டாம்.

ராயபுரம் – ஈஸ்ட் ஹாம்
சூடானதும் நிற்பதற்கு, பிளக்குக்குக் கரண்ட் தருகிற இக்னிஷன் காயில்கூடக் காரணமாகலாம், சகோதரரே. கரண்ட் வருகிறதா என்று பார்க்காமலே பம்ப்பின் மேல் பழி போட்டால் எப்படி?

கேட்பவர்
மன்னிக்கவும், வேன் இங்கே இல்லை, தண்டையார்பேட்டையில் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு மாருதி ஆம்னி. அப்பா விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் எடுத்த மீனைப் பெட்டிகளில் ஐஸ் போட்டு, பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுகிறார். நான் இங்கே வர வாங்கிய கடனுக்குத் தவணை அந்த ஓட்டத்தில்தான் போகிறது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரை மெக்கானிக் பலமுறை கழற்றிக் கழுவிவிட்டார். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் நன்றாக ஓடிப் பிறகு பழையபடி ஆகிறது. நேற்று மீன் ஏற்றிக்கொண்டு மேம்பாலம் ஏறும்போது நின்றதில் ஐஸ் கரைந்து, பாதிச் சரக்கு வீணாகிவிட்டது.

பழைய வண்ணை – ஸ்கார்பரோ
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா, தம்பி? நான் பனியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

திருவொற்றியூர் – சிட்னி
ஊரிலிருந்து போன் வந்தாலே ஒன்று வண்டி ரிப்பேர், இல்லையென்றால் மோட்டார் ரிப்பேர். நாம் இங்கே பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் கணக்குப் பார்ப்பது அங்கே யாருக்குத் தெரிகிறது? எல்லாவற்றுக்கும் காரணம் இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால்தான். என் தம்பியின் பழைய வண்டியும் அதனால்தான் கெட்டது.

கொருக்குப்பேட்டை – சார்ஜா
எத்தனால், எத்தனால் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். என் மாமாவின் வண்டி அதே பெட்ரோலில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகிறது.

பழைய வண்ணை – ஸ்கார்பரோ
மெக்கானிக் கேட்பதைப் பெரிய தொகை என்கிறார் தம்பி. இங்கே பட்டறையில் ஒரு மணி நேரக் கூலியே நூறு டாலரைத் தாண்டுகிறது. அதைக் கேட்டால் அவருடைய அப்பா வேனையே விற்றுவிடுவார்.

வியாசர்பாடி மெக்கானிக்
ஐயா, அக்கா, கொஞ்சம் பொறுங்கள், வேனைப் பார்ப்போம். பல ஆண்டுகளாக இந்த வண்டிகளைத்தான் பிரித்துச் சேர்க்கிறேன்.

தம்பி, 1998 ஆம்னி என்றால் கார்புரேட்டர் வண்டி. அதன் பம்ப் டேங்க்குக்குள் கரண்டில் ஓடுவதல்ல. இன்ஜின் மீதே பொருத்தப்பட்டு, உள்ளே சுழலும் கேம்ஷாஃப்ட் என்ற தண்டு தள்ளத் தள்ள, டயாபிரம் என்ற சவ்வு மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை இழுப்பது. அது பெரிய தொகைக்கான பொருளே இல்லை. பின்னால் வந்த, கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் எம்பிஎஃப்ஐ வண்டியின் பம்ப் விலையை உங்களிடம் சொல்லியிருக்கலாம். எந்தப் பம்ப் என்று முதலில் கேளுங்கள்.

நீங்கள் சொன்னதில் முக்கியமானது, கார்புரேட்டரைக் கழுவினால் சில நாட்கள் ஓடுகிறது என்பதுதான். அழுக்கு கார்புரேட்டரில் பிறக்கவில்லை, டேங்க்கிலிருந்து வருகிறது. பெட்ரோல் வெளியேறும் குழாயின் வாயில் உள்ள வலையில் துருவும் சேறும் ஒட்டிக்கொள்ளும். பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது உறிஞ்சல் கூடி, வழி அடைபடும். வண்டி நின்றதும் உறிஞ்சல் தளர்ந்து அந்த அழுக்கு விழுந்துவிடும். அதனால்தான் கால் மணி நேரத்தில் ‘ஆறியதும்’ கிளம்புவதுபோல் தெரிகிறது.

அப்பாவிடம் இவற்றை மட்டும் செய்யச் சொல்லுங்கள். அடுத்த முறை நின்றதும் பெட்ரோல் மூடியைத் திறக்கட்டும். உஸ்ஸென்று காற்று உள்ளே போய், வண்டி உடனே கிளம்பினால், டேங்க்கின் மூச்சுத்துளை அடைபட்டிருக்கிறது. செலவே இல்லாமல் முடிந்துவிடும். அப்படி இல்லையென்றால் ஒரு பிளக்கைக் கழற்றிக் கரண்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஈஸ்ட் ஹாம்காரர் சொன்னது சரிதான். இதை மூடியை மூடிவிட்டு, பெட்ரோல் வாடை இல்லாத இடத்தில் செய்யட்டும். அதன் பிறகு டேங்க்கின் அடி நட்டைக் கழற்றி, ஒரு கண்ணாடி பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து அரை மணி நேரம் அசைக்காமல் வைக்கட்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றியிருக்க வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது.

எத்தனாலைப் பற்றி இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் உள்ள பெட்ரோல், ஓரளவு தண்ணீரைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். வண்டி அடியிலிருந்துதான் குடிக்கிறது. தண்ணீரே போகாத டேங்க்கில் இந்தத் தொல்லை வராது. ஆனால் 1998இல் போட்ட ரப்பர் ஹோஸ் இந்தப் பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. உட்புறம் ஊறி உரிந்து, அதுவும் கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் வேன் நின்றதா?

கேட்பவர்
நின்றது, அண்ணா. சீட்டு வரை தண்ணீர் ஏறியது. இன்ஜினை மட்டும்தான் சுத்தம் செய்தார்கள். நீங்கள் சொன்னபடி அப்பா செய்தார். மூடியைத் திறந்தும் மாற்றமில்லை, பிளக்கில் கரண்ட் வருகிறது. பாட்டிலின் அடியில் இரண்டு விரல்கடை உயரத்துக்குக் கலங்கலாக ஒரு திரவ அடுக்கு தனியாகத் தெரிகிறது. அதற்கும் கீழே மிளகாய்த்தூள்போலத் துரு. ஃபில்டரும் பழுப்பாக இருக்கிறது. பக்கத்துத் தெருவில் ஒருவர் டேங்க்கை வெல்டிங் வைத்துத் தருவதாகச் சொல்கிறாராம்.

வியாசர்பாடி மெக்கானிக்
வெல்டிங் வேண்டவே வேண்டாம், தம்பி. காலி டேங்க் என்று யாரும் நம்பக் கூடாது. உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவிதான் வெடிக்கும், நிரம்பிய டேங்க்கைவிட ஆபத்து அதில் அதிகம். பாட்டிலின் அடியில் பிரிந்து நின்றது தண்ணீர் சேர்ந்த எத்தனால்தான்; டேங்க்கை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புத் தண்ணீர் தரை ஓட்டைகள் வழியே அதன் மேல்தான் சொட்டுகிறது, ஆகவே மேல் தகடு அரித்திருக்க வாய்ப்புண்டு. தகடு மெலிந்திருந்தால் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் நல்ல டேங்க் தேடி மாற்றுவதே மேல். உறுதியாக இருந்தால் கழுவிக் காயவைத்தால் போதும்.

அதோடு ஃபில்டர், ஹோஸ் முழுவதும், கிளிப்புகள், பெட்ரோல் மூடியின் ரப்பர் ஆகியவற்றைப் புதிதாகப் போட வேண்டும். கார்புரேட்டரைக் கடைசியாக ஒருமுறை கழுவி, ஜெட்டைக் காற்றால் ஊதட்டும். கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிப் பெட்ரோல் குடிக்கும். பம்ப்பின் அடித்துளையில் பெட்ரோல் கசியாமலும், ஆயில் குச்சியில் பெட்ரோல் வாடை இல்லாமலும் இருந்தால் டயாபிரம் நன்றாக இருக்கிறது. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

பம்ப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள். டேங்க் இறங்கிய பிறகு, பொருள் வாரியாக மெக்கானிக்கிடம் எழுதி வாங்கி எனக்குக் காட்டுங்கள். இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு டேங்க்கை எப்போதும் காலியாகவே ஓட்டும் வழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதை நிறுத்தட்டும். மீன் பெட்டிகளுக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து, வடியும் தண்ணீரைப் பின்கதவு வழியாக வெளியே விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது டேங்க்கும் இதே கதிதான்.