ராமசாமியைத் துரத்தியது செழியனா, சுரேஷா?

கரிசல்காட்டான்:
ராமசாமி மாதிரியான தாத்தா காலத்துப் பெயர்கள் ஏன் மறைந்தன என்றா கேட்கிறீர்கள்? எங்கள் தாத்தா கோவிந்தசாமி. 1949ல் பிறந்த அப்பா இளங்கோவன். 1962ல் பிறந்த சித்தப்பா ரமேஷ். சித்தப்பாவை விடுங்கள், அது விதிவிலக்கு. ஆண் பிள்ளைகளின் பெயரை மாற்றியது திராவிட இயக்கம்தான். நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். தலைவனே மாற்றிக்கொண்டால் தொண்டன் பிள்ளைக்கு வேறென்ன பெயர் வைப்பான்?

படித்துறை:
சித்தப்பாவை ஏன் விடவேண்டும்? அவர்தான் சாட்சி! 1967ல் திமுக ஆட்சிக்கே வந்துவிட்டது. அந்த வருஷங்களில் பிறந்தவர்களின் பள்ளிக்கூட குரூப் போட்டோ ஒன்றைப் பாருங்கள். ஒரு செழியன் இருந்தால் நாலு ரமேஷ், சுரேஷ், கணேஷ். 'ஷ்' தமிழ் எழுத்தே இல்லை ஐயா. 1953ல் கருணாநிதி தன் மகனுக்கு வைத்த ஸ்டாலினும் சங்க இலக்கியத்தில் வருகிறதா?

கரிசல்காட்டான்:
அது கொள்கைப் பெயர். தெற்கே காங்கிரஸ்காரர்கள் காந்தி, நேரு என்று வைக்கவில்லையா? குலதெய்வம் இருந்த இடத்தில் தலைவர் வந்து உட்கார்ந்தார். பேரன் என்ற சொல்லே பெயரன்தான், தாத்தா பெயரைத் தாங்குகிறவன். அந்தச் சங்கிலியை அறுக்கும் துணிச்சலை இயக்கம் கொடுத்தது. அறுந்த பிறகுதான் உங்கள் சுரேஷ் உள்ளே நுழைந்தார்.

மல்லிப்பந்தல்:
ரெண்டு பேரும் மேடையையே பார்க்கிறீர்கள், வீட்டுக்குள் வாருங்கள். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது. பெற்ற பிள்ளைக்கே அந்தப் பெயர் என்றால் 'ராசா', 'தம்பி' என்றுதான் கூப்பிட முடியும். தன் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆசைப்பட்ட அம்மாக்களை யாராவது கணக்கில் எடுத்தீர்களா? 1960ல் 'குறிஞ்சிமலர்' நாவல் கல்கியில் தொடராக வந்தபோது அதைப் படித்துவிட்டு எத்தனை வீடுகளில் கதாநாயகன் பெயரை, அரவிந்தன் என்று வைத்தார்கள்!

அப்புறம் பிச்சை, குப்பன், மண்ணாங்கட்டி எல்லாம் எங்கே போனார்கள்? முன்னால் பிறந்தவை தங்காமல் போனதால், அடுத்ததைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றார்கள். எமனுக்கே பிடிக்காத பெயராம். அம்மை குத்தினார்கள், பிரசவ ஆஸ்பத்திரி வந்தது, பிள்ளைகள் தங்க ஆரம்பித்தன. எமனை ஏமாற்றும் வேலை குறைந்தது. அந்தப் பெயர்களை எந்த இயக்கமும் ஒழிக்கவில்லை.

படித்துறை:
இதை நான் யோசிக்கவில்லை. என் பெரியம்மா மகன் பிச்சை. பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் முகம் சுளித்து 'பிச்சைமூர்த்தி' என்று எழுதினார், கூடவே ஜூன் மாதத்தில் ஒரு பிறந்த தேதியும் போட்டுக்கொடுத்தார். பத்து வருஷம் கழித்துப் பிறந்த தம்பிக்கு அந்தத் தொல்லை இல்லை. சரி, ஆஸ்பத்திரிக்கு ஒரு ஓட்டு. ஆனால் பிச்சை காலி செய்த இடத்தில் வந்தது செழியனா, சுரேஷா?

கரிசல்காட்டான்:
அந்தத் தம்பி பெயர் என்ன? அதை முதலில் சொல்லுங்கள்.

படித்துறை:
போஸ்.