பையனை ஃபுட்பால் கோச் கூப்பிடுகிறார், என்ன செய்வது? டெக்சாஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

போன வாரம் மட்டும் மூன்று பேர் இதையே கேட்டுவிட்டார்கள். மூவரும் டாலஸ் பக்கம் வந்து ஒரு வருடம்கூட ஆகாதவர்கள். "பையன் ஒன்பதாவது. உயரமும் உடம்பும் வயசுக்கு மீறி இருக்கு. ஸ்கூலில் கோச் பார்த்துவிட்டு ஃபுட்பாலுக்கு வா என்கிறார். காலேஜ் ஃப்ரீயாகவே கிடைக்குமாம். நம்பலாமா?" ஒருவருடைய பையன் ஊரில் முடித்த ஒன்பதையே இங்கே மறுபடி படிக்கிறான். (இங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் பிடித்து ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால்.) தனித்தனியாகப் பதில் போட்டு அலுத்துவிட்டது, அதனால் எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். என் பையன் நான்கு வருடம் ஹைஸ்கூலில் அஃபென்சிவ் லைனில், அதாவது பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில், ஆடினான். அந்தச் சுற்றில் நாங்கள் பட்டதும் கற்றதும்தான் இது.

பெரிய உடம்புக்காரப் பையனை அவர்கள் கேட்பது அநேகமாக இந்த இடத்துக்குத்தான். நடுவில் சென்டர், அவருக்கு இரண்டு பக்கமும் கார்டு, ஓரங்களில் டேக்கிள், ஆக ஐந்து பேர். சென்டர் பந்தைக் காலுக்கு நடுவே பின்னால் தருவதோடு சரி, மற்ற நால்வர் கையில் ஆட்டம் முழுக்கப் பந்தே படாமல் போகலாம். பந்தை வாங்கி எறிகிற க்வார்டர்பேக்கை எதிராளி நெருங்காமல் தடுப்பதும், ஓடுகிறவனுக்கு வழி திறந்துவிடுவதும்தான் இவர்கள் வேலை. சட்டை எண் 50 முதல் 79 வரை இருக்கும். ஸ்கோர்போர்டில் இவர்கள் பெயர் வராது. முதல் சீசனில் என் மனைவி, "இவன் ஆடினானா இல்லையா?" என்று பக்கத்து சீட்டு அம்மாவைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வாள்.

ஆனால் இங்கே வெள்ளிக்கிழமை ராத்திரி ஃபுட்பால் விளையாட்டுப் பொழுதுபோக்கு மாதிரி நடக்காது, ஊர்த் திருவிழா மாதிரி நடக்கும். டாலஸ் பக்கத்து ஆலன் ஊரின் ஹைஸ்கூல் ஸ்டேடியத்தை 2012இல் சுமார் 6 கோடி டாலர் செலவில் கட்டினார்கள், 18,000 பேர் உட்காரலாம். கோச் அவ்வளவு ஆர்வமாகப் பேசுவது ஏன் என்று அங்கே ஒரு மேட்ச் பார்த்தால் புரியும்.

சரி, ரெக்ரூட்டிங், அதாவது கல்லூரிகள் டீமுக்கு ஆள் எடுப்பது. நம் ஆட்கள் இதை அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள்: கட் ஆஃப் வந்தது, சீட் அலாட் ஆனது, முடிந்தது. உண்மையில் இது பெண் பார்க்கும் படலம். கல்லூரி கோச் வருவார், பையனைப் புகழ்வார், "உனக்கு எங்களிடம் ஆஃபர் இருக்கிறது" என்பார். நீங்கள் ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்வீர்கள். அவர் மனதிலோ அது "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" வகைதான். ஐந்து இடத்துக்கு இருபது முப்பது பையன்களிடம் ஆஃபர் என்று சொல்லி வைத்திருப்பார்கள். அதனால் ஆஃபர் என்ற சொல் காதில் விழுந்ததும் பையன் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "நான் இன்றைக்கே கமிட் என்றால் எடுத்துக்கொள்வீர்களா?" நேராக ஆமாம் என்றால் அது ஆஃபர். "இன்னும் கொஞ்சம் பார்க்கணும், கேம்புக்கு வா" என்றால் பஜ்ஜி சொஜ்ஜி சாப்பிட வந்தவர்கள்.

கமிட் ஆவதும், அதாவது உங்கள் கல்லூரிக்கே வருகிறேன் என்று சொல்வதும், வாய்ச்சொல்தான், இரண்டு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது. எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு கல்லூரியில் பதினொன்றாவது முடிந்த கோடையில் என் பையன் கமிட் ஆனான். அக்டோபரில் லைன் கோச் வேறு வேலைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர் எங்கள் மெசேஜுக்குப் பதிலே போடவில்லை. நவம்பர் கடைசியில் இரண்டு வரி வந்தது, அவ்வளவுதான். பையன் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. தப்பு எங்களுடையதும்தான்: கமிட் ஆனதும் மற்ற கோச்களிடம் பேசுவதை நிறுத்திவிட்டோம். கையெழுத்து விழுகிறவரை யாருக்கும் கதவைச் சாத்தாதீர்கள். கையெழுத்துக்கென்று டிசம்பர் முதல் வாரத்தில் மூன்று நாள் உண்டு, விட்டவர்களுக்கு அப்புறம் பிப்ரவரி. முன்பு இதற்கு நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற தாள் இருந்தது. 2024 அக்டோபரில் அதை எடுத்துவிட்டார்கள், இப்போது நிதியுதவி ஒப்பந்தத்தில்தான் கையெழுத்து. அது ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா, எதையெல்லாம் மூடுகிறது என்று வரிவரியாகப் படியுங்கள். வாடகை லீஸைப் படிப்பீர்களே, அதைவிடக் கவனமாக.

உண்மையில் எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டியது படிப்பு விஷயம். "நம்ம பையன் படிப்பில் கவலையில்லை" என்று நினைக்கும் வீட்டில்தான் இது இடிக்கிறது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன்னில் ஆட, அந்த விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பு 16 கோர் பாடங்கள் கேட்கிறது: ஆங்கிலம் நான்கு வருடம், கணக்கு மூன்று, அறிவியல் இரண்டு, மீதி சமூக அறிவியல் முதலியன. அதில் 10 பாடம் பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணக்கு, அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தின் மார்க் அதோடு பூட்டு, அப்புறம் திரும்ப எழுதிக் கூட்ட முடியாது. ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் மார்க் சராசரி, 2.3 போதும், நம் பிள்ளைகளுக்கு அது பெரிதில்லை. சிக்கல் பாடத் தேர்வில். ஒவ்வொரு ஹைஸ்கூலுக்கும் என்சிஏஏ ஒப்புக்கொண்ட பாடப் பட்டியல் தனி, அவர்களுடைய எலிஜிபிலிட்டி சென்டர் தளத்தில் தேடிப் பார்க்கலாம். புதிதாக வந்த பிள்ளையை இஎஸ்எல் (ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கான) வகுப்பில் போட்டிருந்தால், அது ஆங்கிலக் கணக்கில் வருகிறதா என்று முதல் நாளே பாருங்கள். எஸ்ஏடி நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை 2023இல் இருந்து என்சிஏஏ கேட்பதில்லை, கல்லூரிகள் கேட்கலாம்.

இன்னொன்று, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கே உள்ள கண்ணி. ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாக உட்கார்ந்த நாளிலிருந்து என்சிஏஏவின் நான்கு வருடக் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஊரில் ஒன்பதை முடித்துவிட்டு வந்த பையனை, "ஆங்கிலம் பழகட்டும்" என்று இங்கே மறுபடி ஒன்பதிலேயே போட்டால், ஸ்கூல் கணக்கில் ஒன்பது, கடிகாரத்தின் கணக்கில் பத்து. டெக்சாஸ் ஹைஸ்கூல் விளையாட்டை நடத்தும் யுஐஎல்லுக்கும் இதே நான்கு வருட விதி உண்டு. அதோடு செப்டம்பர் 1 அன்று 19 வயது முடிந்திருக்கவும் கூடாது. பன்னிரண்டாவதில் நன்றாக வளர்ந்து நிற்கும்போது ஆட முடியாது என்று தெரியவந்தால் யாரைக் கேட்பது?

ஆடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது பாடத்தில் 70க்குக் கீழே போனால் பெஞ்ச்தான். 1984இல் இருந்து இங்கே சட்டம் அப்படி. ஏபி (கல்லூரித் தரப் பாடம்) போன்ற கடினமான வகுப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அப்புறம் லீஸ் முடிந்தது, பக்கத்து ஊரில் வாடகை குறைவு என்று அபார்ட்மென்ட் மாறுகிறோமே, அதில் ஸ்கூல் எல்லை மாறினால் விளையாட்டுக்காக மாறவில்லை என்று படிவம் நிரப்ப வேண்டும். விளையாட்டுக்காகத்தான் என்று அவர்கள் முடிவு செய்தால் ஒரு வருடம் வார்சிட்டி, அதாவது ஸ்கூலின் முதல் அணி, கிடையாது.

இனி பையனின் அளவு. ஸ்கூல் ரோஸ்டரில், அதாவது டீம் பட்டியலில், எங்கள் பையன் ஆறடி மூன்று அங்குலம். ஜூன் மாதம் ஒரு கல்லூரி கேம்ப். வாசலிலேயே ஷூவைக் கழற்றச் சொல்லி, சுவரோடு நிற்கவைத்து, தலைமேல் பலகையை இறக்கினார் ஒரு மாணவர். ஆறடி ஒன்றே முக்கால். அடுத்து கையை விரிக்கச் சொல்லி டேப்பைப் பிடித்தார், பிறகு தோளிலிருந்து நடுவிரல்வரை, கடைசியில் உள்ளங்கை. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், தையல்காரர் அளவெடுப்பதுபோலத்தான் இருந்தது. டேக்கிளுக்குப் பெரிய கல்லூரிகள் ஆறடி நான்கு, ஐந்து தேடும். கை நீளமும் வேண்டும், எதிராளி நெஞ்சில் யார் கை முதலில் படுகிறதோ அவன்தான் பிடி வைத்திருப்பான். எங்கள் பையனின் அளவுக்கு கார்டு, இல்லாவிட்டால் சென்டர் என்று அன்றே தெரிந்துவிட்டது. சோர்ந்துபோக வேண்டாம். ஜேசன் கெல்சி சின்சினாட்டி கல்லூரியில் ஸ்காலர்ஷிப் இல்லாத வாக்-ஆனாக, அதுவும் லைனில் இல்லாமல் வேறு இடத்துக்கு நுழைந்தவர். பிறகு லைனுக்கு மாற்றப்பட்டு, தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் பேர்போன சென்டர் ஆனார். நம் முகச்சாயலில் யாருமே இல்லையா என்றால், ஃபிஜியில் பிறந்து கனடாவில் வளர்ந்த பாபி சிங் இருக்கிறார். போர்ட்லண்ட் ஸ்டேட்டில் கார்டாக ஆடி என்எஃப்எல்லின் ராம்ஸ் அணிவரை போனவர்.

லைன்மேனுக்கு ரன், ஸ்கோர் என்று காட்ட எண் எதுவும் இல்லை, வீடியோதான் ஜாதகம். ஹடில் என்ற தளத்தில் ஸ்கூலே எல்லா மேட்சையும் ஏற்றிவிடும், அதிலிருந்து வெட்டி எடுக்க வேண்டும். முதல் தடவை நாங்கள் ஒன்பது நிமிடத்துக்கு, பின்னணியில் பாட்டெல்லாம் போட்டுச் செய்தோம். ஸ்கூல் கோச் பார்த்துச் சிரித்துவிட்டு, "முதல் ஐந்து ப்ளேயில் பிடிக்காவிட்டால் மூடிவிடுவார்கள்" என்றார். பாட்டை எடுத்தோம், நான்கு நிமிடமாகக் குறைத்தோம், ஒவ்வொரு ப்ளேயும் தொடங்கும் முன் பையன் தலைமேல் ஒரு வட்டம் போட்டோம். எதிராளியை மல்லாக்கத் தள்ளும் காட்சிகள் மட்டும் போதாது. பின்வாங்கிக்கொண்டே தடுக்கும்போது பாதம் எப்படி நகர்கிறது, இடுப்பு தாழ்ந்திருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரி கோச்கள் ஸ்கூலுக்கே வருவார்கள், பத்தாவது சீசன் வீடியோ அதற்குள் தயாராக இருக்கட்டும். மல்யுத்தம், ஷாட்புட் இருந்தால் சேர்ந்துகொள்ளட்டும், லைன் கோச்களுக்கு அவை பிடிக்கும்.

"டியர் பிராஸ்பெக்ட்" என்று மெயிலில் வரும் கேம்ப் அழைப்பெல்லாம் ஆஃபர் கிடையாது, விளம்பரம். ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு "கல்லூரிகளிடம் அறிமுகப்படுத்துகிறோம்" என்பவர்களிடமும் போகாதீர்கள். ஸ்கூல் கோச் ஒரு போன் போட்டால் நடக்கிற வேலை அது.

பணம். மேல்மட்டக் கல்லூரிகளில் முன்பு ஃபுட்பாலுக்கு 85 ஸ்காலர்ஷிப் என்று உச்சவரம்பு இருந்தது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஹவுஸ் வழக்கு (வீரர்களுக்குப் பணம் தருவது பற்றியது) தீர்வுக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை, ஆனால் மொத்த டீமே 105 பேர்தான். கல்லூரியே வீரர்களுக்குப் பணம் தரலாம், முதல் வருடம் ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துச் சுமார் 2 கோடி டாலர்வரை. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்காலர்ஷிப் இல்லாமல் உள்ளே புகுந்து வளர்கிற வழி குறுகிவிட்டது. வீரர்கள் கல்லூரி மாறப் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு கோச்களுக்கும் அவசரம்: பதினேழு வயதுப் பையனை இரண்டு வருடம் ஊட்டி வளர்ப்பதைவிட, வேறு கல்லூரியில் ஏற்கெனவே வளர்ந்த 300 பவுண்டு ஆளைக் கூட்டிவருவது சுலபம். லைன்மேன் மெதுவாக விளையும் பயிர், அதனால் இந்த அடி அவர்களுக்குத்தான் அதிகம். டிவிஷன் டூவில் 36 ஸ்காலர்ஷிப்பை மொத்த டீமுக்கும் பங்கு போடுவார்கள், கால் பங்கு அரைப் பங்கு என்று கிடைக்கும்.

டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப்பே இல்லை. இதைக் கேட்டதும் நம் ஆட்கள் எழுந்து போய்விடுகிறார்கள், அதுதான் எனக்கு ஆதங்கம். எம்ஐடிக்கு டிவிஷன் த்ரீ ஃபுட்பால் டீம் இருக்கிறது. கார்னகி மெலன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ, ஆம்ஹர்ஸ்ட், எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ஐவி லீகிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவிதான். இந்த இடங்களில் பலவற்றில் கோச் உங்கள் பையனை விரும்பினால், பதினொன்றாவது முடிந்த கோடையிலேயே மார்க்கை அட்மிஷன் ஆபீஸிடம் கொடுத்து முன்கூட்டியே கருத்துக் கேட்பார். சும்மா அப்ளை செய்கிற ஆயிரக்கணக்கானவர்களுக்கு அது கிடைக்காது. கடினமான கணக்கு வகுப்புகளோடு 270 பவுண்டும் உள்ள பையன் அந்தக் கோச்களுக்கு அபூர்வம். என் பையன் இப்போது ஆடுவதும் ஒரு டிவிஷன் த்ரீ கல்லூரியில்தான்.

விசா. என்சிஏஏவுக்குக் குடியுரிமை ஒரு பொருட்டில்லை, எச்-4 (எச்-1பி விசாக்காரரின் குடும்ப விசா) பையனும் ஸ்காலர்ஷிப் வாங்கலாம். ஆனால் ஃபெடரல் கல்வி உதவி எச்-4க்குக் கிடைக்காது. 21 வயதில் எச்-4 முடிந்து மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டிவரும், அது கல்லூரி நடுவிலேயே வரும். விளம்பரத்தில் நடித்துக் காசு, கல்லூரி தரும் பங்கு, இதெல்லாம் வேலை பார்த்ததாகக் கணக்கானால் ஸ்டேட்டஸே போய்விடலாம். எதிலும் கையெழுத்துப் போடும் முன் குடியேற்ற வக்கீலிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள். கோச் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வார், அவருக்கு விசா தெரியாது.

அடி படுமா என்றால், படும். தலையில் அடி பட்டதாகச் சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுத்து, டாக்டர் எழுதித் தந்த பிறகே திரும்ப விட வேண்டும் என்று 2011இலிருந்து டெக்சாஸில் சட்டம் இருக்கிறது. ஆனால் தலை வலிப்பதைப் பையன் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுச் சட்டம்: மறைத்தால் அந்த சீசன் முடிந்தது.

பின்சேர்க்கை: சைவச் சாப்பாட்டில் லைனுக்கு உடம்பு ஏறுமா என்று கேட்ட தங்கைக்கு. லைனுக்கு உடம்பு ஏற வேண்டும்தான், ஆனால் வெறும் சோற்றில் ஏறுவது தொப்பை. பருப்பு, பனீர், தயிர், நிலக்கடலை, முடிந்தால் முட்டை. எங்கள் வீட்டில் பயிற்சி முடிந்து வந்ததும் அடைதான், எண்ணிக்கை கேட்காதீர்கள்.

ஒன்பதை மறுபடி படிக்கும் பையனின் அப்பாவுக்கு: திங்கட்கிழமையே கவுன்சலரைப் பாருங்கள், பத்தில் போட முடியுமா என்று கேளுங்கள். ஊர் ரிப்போர்ட் கார்டும் டிசியும் கோவையில் மாமனார் வீட்டு பீரோவில் இருக்கிறது என்றீர்கள். கூரியரில் வரவழையுங்கள். யாராவது வந்தால் கொடுத்துவிடச் சொல்லாதீர்கள். அப்படிக் கொடுத்தனுப்பிய எங்கள் கவர் ஆவக்காய் பாட்டிலோடு ஒரே பெட்டியில் வந்தது. கணக்கு மார்க் இருந்த இடத்தில் நல்லெண்ணெய்தான் தெரிந்தது.