உதிரிப்பாகம், சேமவுறுப்பு, செய்பாகம்: தொலைக்கட்டுப்பாட்டுக் காருக்கு ஒரு சொல்

கொக்குவிலில் இருந்து

மடற்குழுவில் எல்லோருக்கும் வணக்கம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கு இந்த விடுமுறையில் ஒரு பயிற்சி வைத்திருக்கிறோம். தொலைக்கட்டுப்பாட்டுக் காரைக் கழற்றிப் பூட்டுவார்கள், உடைந்த சிறு பாகங்களைத் தாங்களே செய்தும் பார்ப்பார்கள். கைநூல் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

ஒரு சொல்தான் இடறுகிறது. முற்கூட்டியே வாங்கி வைப்பதும் உதிரிப்பாகம், உடைந்ததை அளவெடுத்து நாமே செய்து போடுவதும் உதிரிப்பாகம் என்றால், "வாங்குவதா, செய்வதா" என்ற அத்தியாயத்தில் எந்த வரி எதைச் சொல்கிறது என்று பிள்ளைக்கு விளங்காது. இரண்டு சொல் வேண்டும். உதவுங்கள்.

வட்டுக்கோட்டையில் இருந்து

தம்பி, முதலாவதற்குச் சொல் ஆயத்தமாகவே இருக்கிறது. புறநானூறு 102ஐ எடுத்துப் பாருங்கள். எருதுகள் இளையவை, வண்டியிலே பாரம் அதிகம், வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ தெரியாது. அதனால் உப்பு வணிகரான உமணர் வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். "கீழ்மரத்து யாத்த சேமவச்சு" என்கிறார் ஒளவையார். உடைவதற்கு முன்னமே கொண்டுபோகும் பாகம், அதுவும் வண்டிக்கே உரியது. இதைவிடப் பொருத்தமாக யார் சொல்ல முடியும்? சேமவச்சு இருக்கிறது, ஆகவே சேமவுறுப்பு.

ரொறன்ரோவில் இருந்து

ஐயாவின் சங்கப் புலமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் சேமம் என்பது க்ஷேமம். புதிதாக ஒரு சொல்லைப் படைக்கும்போதே கடன் வாங்க வேண்டுமா? 'பாகம்' என்பதும் வடமொழிதான், அதனால் உதிரிப்பாகமும் பாதி கடன். உறுப்பு நல்ல தமிழ். நாமே செய்வதைச் செய்யுறுப்பு என்று வினைத்தொகையாக வைக்கலாம். செய்தது, செய்கிறது, செய்யப்போவது மூன்றும் அதற்குள் அடங்கும். வாங்கி வைப்பதற்கு வைப்புறுப்பு.

வட்டுக்கோட்டையில் இருந்து

"வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியர் வழிவிட்ட பிறகு நாம் ஏன் கதவை அடைக்க வேண்டும்? க்ஷ போய்ச் சே வந்துவிட்டது, புறநானூற்றிலேயே குடியிருக்கிறது. செய்யுறுப்பு என்றால் எனக்குத் தொல்காப்பியச் செய்யுளியலில் வரும் 34 உறுப்புகளும்தான் நினைவுக்கு வருகின்றன. வைப்பு என்றால் வங்கி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அச்சு' என்ற சொல்லையும் கவனியுங்கள். வண்டியின் அச்சு, அச்சுக்கூடத்து அச்சு, கணிதத்தில் x அச்சு, இப்போது முப்பரிமாண அச்சு. கைநூலில் "அச்சை அச்சிடலாமா" என்று ஒரு வரி வந்தால் பிள்ளை என்ன செய்யும்? "உருள்பெருந்தேர்க்கு அச்சாணி" என்ற குறளில் வருவது சில்லைக் கழலாமல் பிடிக்கும் ஆணி. அதைப் பலர் இன்று அச்சு என்ற பொருளிலேயே எழுதுகிறார்கள். இதையும் இந்த நூலிலேயே சீர்செய்துவிட வேண்டும்.

மானிப்பாயில் இருந்து

நான் கடைசல் பட்டறை வைத்திருப்பவன். சொல்லுக்கு முன் பொருளைப் பார்ப்போம், ஏனென்றால் எதைச் செய்யலாம், எதை வாங்க வேண்டும் என்பதில்தான் சொல்லின் எல்லை இருக்கிறது.

ஐயா சொன்ன அச்சாணி போல ஒன்று இந்தக் கார்களிலும் இருக்கிறது. 1/10 அளவுக் காரில் சில்லுக்குப் பின்னால் பெரும்பாலும் 12 மில்லிமீற்றர் அறுகோணத் துண்டு ஒன்று இருக்கும். அது அச்சை விட்டுத் தனியே சுற்றாமல் இருக்க அச்சுக்குக் குறுக்கே ஒரு சிறிய ஊசி நிற்கும், 2 மில்லிமீற்றர் தடிப்பு. அது விழுந்தால் மோட்டர் ஓடும், அச்சும் சுற்றும், சில்லு மட்டும் நிற்கும். சைக்கிள் ஆரைக்கம்பியும் ஏறக்குறைய அதே தடிப்புத்தான். வெட்டி, முனையை அரத்தால் உருட்டிவிட்டால் காரியம் முடிந்தது. இதை யாரும் வாங்கத் தேவையில்லை.

பெயாறிங் செய்ய முடியாது, வாங்குங்கள். பற்சில்லை முப்பரிமாண அச்சில் அச்சிடலாம், ஆனால் அந்த அச்சுக்குப் போடும் பிஎல்ஏ என்ற பிளாஸ்ரிக் 60 பாகை செல்சியசை அண்டும்போதே இளகத் தொடங்கும். சூடான மோட்டருக்குப் பக்கத்தில், எங்கள் சித்திரை வெயிலில், அந்தப் பல் நிற்காது. பல்லின் அளவும் பொருந்த வேண்டும். அந்த அளவை அங்குலக் கணக்கில் பிட்ச் என்றும் மில்லிமீற்றர்க் கணக்கில் மொடியூல் என்றும் சொல்வார்கள். 32 பிட்ச் என்றால் 25.4ஐ 32ஆல் வகுத்துப் பாருங்கள், 0.79 வரும். 0.8 மொடியூலுக்கு மிகக் கிட்ட. 48 பிட்ச் 0.53தான். அதை 0.6 உடன் சேர்த்து ஓட்டினால் இரண்டு சில்லும் பல்லிழக்கும்.

சில்லைத் தாங்கும் கையை அச்சிட்டால் படுக்க வைத்து அச்சிட வேண்டும். நிமிர்த்தி அச்சிட்டால் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் படைகள் குறுக்கே விழும், மதகில் ஒரு இடி பட்டதும் படை பிரிந்து உடையும். பிரிந்த இடம் சீவிவிட்டதுபோல் நேராக இருக்கும், பிள்ளைகளுக்கு அதைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஓஸ்ரின் ஏ40 என்ற பழைய கார்களை ஓட வைத்தது எங்கள் கடைசல் பட்டறைகள்தான். அப்போது யாரும் செய்யுறுப்பு என்று கேட்டு வரவில்லை. "இதே மாதிரி ஒன்று அடித்துத் தா" என்றார்கள். கடையில் கேட்பது ஸ்பெயார். செய்தது, வாங்கினது என்று எழுதினாலே போதும்.

நல்லூரில் இருந்து

பதிலுறுப்பு என்று வைத்தால் என்ன? உடைந்ததற்குப் பதிலாகப் போடுவது. எங்கள் நாட்டில் பதில் அதிபர், பதில் நீதவான் என்கிறோம், உரியவர் வரும்வரை இருப்பவர். கொழும்பில் இருந்து பொதி வரும்வரை ஓடுவதற்கு நாம் செய்து போடுவதும் அப்படித்தானே?

மானிப்பாயில் இருந்து

அக்கா, அதில்தான் எனக்கு உடன்பாடில்லை. பதில் என்றதும் தற்காலிகம் என்ற எண்ணம் வந்துவிடும். நான் உருக்கில் கடைந்து கொடுத்த ஊசி, பெட்டியில் வந்த ஊசியைவிட நெடுநாள் நிற்கும். பிள்ளைகள் தங்கள் கைவேலையை இரண்டாந்தரமாக நினைக்க வைக்கும் சொல் வேண்டாம்.

சென்னையில் இருந்து

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். 'பற்சில்லு' என்பதை இங்கே படிப்பவர்கள் மின்னணுச் சில்லு என்று நினைத்துக்கொள்வார்கள். பற்சக்கரம் என்று போட்டால் இரு கரைக்கும் புரியுமே?

வட்டுக்கோட்டையில் இருந்து

யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சில்லு என்றால் சில்லுதான். சைக்கிளில் இருந்து தேர்வரைக்கும் அதுதான் எங்கள் வாயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயில் அமெரிக்க மிஷன் மருத்துவரான கிறீன் வைத்தியர் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தபோது முன்னால் இருந்தவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள். அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பதுதான் முதற்கவலை. இந்தக் கைநூலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கொக்குவிலில் இருந்து

எல்லோருக்கும் நன்றி. அச்சகத்தார் இன்று கேட்டுவிட்டார்கள், அதனால் முடிவெடுக்கிறேன். பொதுச்சொல் உதிரிப்பாகம், அது பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். நாமே செய்வது செய்பாகம். வினைத்தொகை என்பதால் ப் மிகாது, சொல்லவும் இலகு. வாங்கி வைப்பதற்குத் தனிச்சொல் போடவில்லை, ஆனால் சேமவச்சுப் பாட்டு அந்த அத்தியாயத்தின் தலைப்பில் இருக்கும். சில்லு சில்லாகவே இருக்கும். மானிப்பாய் அண்ணையின் ஊசியும் பிட்ச் கணக்கும் அப்படியே சேர்கின்றன. பெரும்பாலானோர் இதற்குச் சரி என்று எழுதியிருக்கிறீர்கள்.

ரொறன்ரோவில் இருந்து

செய்பாகத்தில் பாகம் இருக்கும்வரை என் மறுப்பும் இருக்கும். அடுத்த பதிப்புக்குச் செய்யுறுப்பை மீண்டும் முன்வைப்பேன். செய்யுளுறுப்போடு குழம்பும் என்று ஐயா சொன்னதற்கு விரிவாகத் தனிமடல் எழுதுகிறேன்.

வட்டுக்கோட்டையில் இருந்து

தனிமடல் வேண்டாம், இங்கேயே எழுதுங்கள். காலத்தோடு வரும் சொல்லை விலக்க வேண்டாம் என்று சொல்லும் தொல்காப்பியரின் "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்ற நூற்பாவில் இருந்து தொடங்குவோம். தம்பி, அச்சாணி என்ற சொல்லை ஊசிக்கு மட்டும் வைத்தீர்களா, அச்சுக்கும் வைத்தீர்களா என்பதை இன்னும் சொல்லவில்லை.