புதியவர்களுக்குக் கூட்டுறவை எவ்வாறு அறிமுகப்படுத்துவது?

கேள்வி:
எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்துள்ள ஊழியர்களும், தனியார் நிறுவன அனுபவத்துடன் வந்துள்ள இரண்டு இயக்குநர்களும் இதை வழக்கமான நிறுவனமாகவே கருதுகிறார்கள். அறிமுகப் பயிற்சியை எங்கிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
உடைமையிலிருந்து தொடங்குங்கள். 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் தம் சேமிப்பைத் திரட்டி, மாவு, வெண்ணெய், சர்க்கரை என ஒருசில பொருள்களுடன் கடை திறந்தபோது, வாங்குபவரே உரிமையாளராகவும் இருந்தார். செலவு போக மிஞ்சிய உபரியும், போட்ட முதலுக்கேற்ப அல்லாமல், வாங்கிய அளவுக்கேற்பவே பகிரப்பட்டது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். ஊழியர்களுக்கு உடனே விளங்கிவிடும்.

பதில் 2:
இயக்குநர்களுக்கு அது போதாது. நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குதான் என்பதை மனத்தளவில் ஏற்கவே சிலருக்கு நாளாகும். கூட்டுறவைப் போலவே உறுப்பினர்களுக்குச் சொந்தமான பரஸ்பரக் காப்பீட்டு நிறுவனத்திலோ பங்குதாரர் என்ற பேச்சே இல்லை, பாலிசிதாரர்களே உறுப்பினர்கள். ஆகவே மூலதனம் தேவைப்படும்போது சாதாரணப் பங்குகளை வெளியிட்டுத் திரட்டும் வழி பொதுவாக இருப்பதில்லை, ஒதுக்கி வைத்த உபரியையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. கடந்த ஆண்டின் கணக்கறிக்கையை அவர்கள் கையில் கொடுத்து, காப்பு நிதி (ஒதுக்கி வைத்த உபரி) என்ற வரியை விளக்கச் சொல்லுங்கள்.

பதில் 3:
என் அனுபவத்தில், பொதுப்பேரவைக் கூட்டத்தின் கடைசி வரிசையில் அவர்களை அமர வைத்ததே பெரிதும் பயன்பட்டது. வயதான உறுப்பினர் ஒருவர் எழுந்து, உபரி ஏன் குறைந்தது என்று கேட்டபோது, புதிய இயக்குநர் குறிப்பேட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.