வுட்ரோ லாயிட் பற்றிய தரவுகள் தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண முதல்வர்களைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். 1944 முதல் 1961 வரை முதல்வராக இருந்த டாமி டக்ளஸைப் பற்றி, சிறுவயதில் எலும்பு நோயால் ஒரு காலை இழக்கவிருந்த அவருக்கு, மாணவர்களுக்குக் கற்பிக்கும் பொருட்டு ஒரு மருத்துவர் கட்டணமின்றி அறுவை சிகிச்சை செய்தது உட்பட, நிறையவே கிடைக்கிறது. ஆனால் 1962 ஜூலை 1 அன்று பொது மருத்துவக் காப்பீடு நடைமுறைக்கு வந்தபோது, மருத்துவர்கள் 23 நாள் நடத்திய வேலைநிறுத்தத்தை எதிர்கொண்டவர் அவருக்குப் பின் வந்த வுட்ரோ லாயிட்தான். ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த இவருக்கு என் முதல் வரைவிலும் ஒரே ஒரு வரிதான் இருந்தது. லாயிட்டின் சட்டமன்ற உரைகளோ அக்கால நாளிதழ்ப் பக்கங்களோ எங்கே கிடைக்கும் என்பதை அறிந்தவர்கள் அன்புகூர்ந்து தெரிவிக்கவும். ‘பிரீமியர்’ என்பதற்கு ‘முதல்வர்’ என்று எழுதியிருப்பது பொருத்தம்தானா என்பதையும் சொன்னால் நலம்.