சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சாருக்கு மிதிவண்டியில் ஒரு நாள்

கேள்வி: வணக்கம். நானும் தம்பியும் வரும் ஞாயிற்றுக்கிழமை பெருஞ்சாலை லாரிகளைத் தவிர்த்து, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களின் ஊடாக, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள கோலகங்சார் வரை சென்று, அன்றே சுங்கை சிப்புட்டுக்குத் திரும்ப எண்ணியுள்ளோம். நெடும்பயணம் எங்களுக்குப் புதிது. எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தம்பி, விடியும்போதே புறப்பட்டுவிடுங்கள், பிற்பகல் மழையில் செம்மண் பாதை சக்கரத்தில் அப்பிக்கொண்டு நகரவே விடாது. அதைவிட முக்கியம், வெட்டிப் போட்ட செம்பனை மட்டைகளின் முட்கள். சென்ற ஆண்டு என் பின்சக்கரத்தில் ஏறிய முள் விரல் நகத்தளவுதான் இருந்தது. ஆனால் டயரையும் டியூபையும் துளைத்துவிட்டது. உள்ளே தடவிப் பார்த்து முள்ளை எடுக்காமல் புதிய டியூபை மாட்டியதால், அதுவும் பத்து நிமிடத்தில் காற்றிறங்கியது. ஆளுக்கு இரண்டு டியூப் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றொரு பதில்: அண்ணன் சொன்னது முற்றிலும் சரி. வழியில் காராயில், பேராக் ஆற்றின்மேல் 1900-இல் கட்டி முடிக்கப்பட்ட விக்டோரியா இரயில் பாலத்தை அவசியம் பாருங்கள். ஓரத்து நடைபாதை குறுகலானது; இறங்கித் தள்ளிச் செல்வதே நல்லது. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் இன்றும் நிற்கிறது. பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்த, குடும்பத்தில் பிறந்த எனக்கு, அதன் அடியில் நிற்காமல் திரும்ப மனம் வந்ததில்லை.

கேட்டவர்: மிக்க நன்றி. எங்கள் பாட்டியும் பால்மரம் வெட்டியவர்தான்; அந்த மரத்தடியில்தான் மதிய உணவு.